தரையில் சிதறிய கற்கண்டு

அம்சாக்கா அடித்தது லாவண்யாவின் புறங்கையில். விழுந்தது கற்கண்டு.

திருத்தணி மலைமேல், மொட்டை அடிக்கிற இடத்துக்கு வெளியே, தண்ணீர் காயாத கல் தரையில் அது நாலாபக்கமும் சிதறியது. அரைத்த சந்தனமும் ஈர முடியும் கலந்த வாசனை. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. என் அக்கா மகள் லாவண்யா அடி வாங்கிய கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். வலித்த மாதிரித் தெரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. தை மாதக் குளிரில் அவள் கழுத்தெல்லாம் வியர்வை.

"சக்கர வியாதிக்காரிக்கு கல்கண்டு கேக்குதா?" என்றாள் அம்சாக்கா. "உங்கம்மா நாக்க அப்படி வளத்து வுட்டுகீறா."

இந்தத் தொடரில் போன வாரம், நான் சோலாப்பூரில் ரயிலேறியதோடு நிறுத்தியிருந்தேன். அந்த ரயிலில் நான் எதற்காக ஏறினேன், ஏறி வந்து என்னத்தைப் பார்த்தேன் என்பதற்கெல்லாம் இந்தக் கற்கண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்சாக்கா என் அக்கா புருஷனுடைய அக்கா. அன்றைக்கு மொட்டை அவள் மகள் வயிற்றுப் பேரனுக்கு. ஆனால் என் அக்கா பத்மா மொட்டைக்காக மலை ஏறவில்லை. அவளும் லாவண்யாவும் புருஷன் வீட்டை விட்டு வந்து, திருத்தணியில் ஒற்றை அறையில் குடியிருக்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாலுகா ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை. மொட்டைக்கு முந்தின மாதம் அக்கா புருஷன் முனிரத்தினம் பாவா என்னைக் கே.ஜி.கண்டிகையில் டீக்கடையில் பிடித்துச் சொல்லியிருந்தார்: "மொட்டைக்கு வரச் சொல்லு ஏகாம்பரம். சொந்தம் எல்லாம் கீறாங்க. அவங்க முன்னாடியே பேசி கூட்டினு போயிடறேன்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அந்தப் புடவையை அவள் கட்டிப் பார்த்து வெகு நாளாயிற்று.

சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது கணக்கு. அதனால் நன்றாகப் படித்தவர், வாழ்ந்தவர், கோபம் குறைந்தவர் என்று பார்த்து ஆள் பிடிப்பார்கள்.

லாவண்யா பிறந்தபோது பிடித்து வைத்திருந்த ஆள் வந்து சேரவில்லை. நான் வந்துவிட்டேன். அப்போது நெல்லூர் லாரியில் கிளீனர். சட்டையில் டீசல் நாற்றம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அக்கா படுத்தபடியே, "நீ வைடா" என்றாள். சுண்டுவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு சொட்டு வைத்தேன். குழந்தை நாக்கைச் சுழற்றியது. நர்ஸ் பார்த்துவிட்டு, தாய்ப்பால் தவிர எதையும் கொடுக்கக் கூடாது என்று எல்லாரையும் வெளியே துரத்தினாள்.

"ஊர் சுத்தற பய வாய்ல வச்சிட்டான். பொண்ணும் ஒரு எடத்துல தங்காது, பாரு," என்று அம்சாக்கா வராந்தாவில் நின்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எறும்பு

லாவண்யா இரண்டாவது படிக்கும்போது நான் சோலாப்பூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா போனில் சொன்னாள்: "பொண்ணு தண்ணியா குடிச்சிகினே கீதுடா. சொம்ப கீழ வைக்க மாட்டேங்குது. ஒடம்பு பாதியா போச்சி." வெயில் காலம்தானே என்றேன். அடுத்த முறை பேசியபோது, லாவண்யா ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்றாள். அதற்கடுத்த போன் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அப்போதுதான் ரயிலேறினேன்.

முதல் வகை சர்க்கரை நோய் என்று அங்கே சொன்னார்கள். குழந்தைக்குச் சர்க்கரை நோயா என்று பாவாவுக்கு நம்பவே முடியவில்லை. அவர் அறிந்த சர்க்கரை நோய் எல்லாம் தொப்பை வைத்தவர்களுக்கும் கிழவர்களுக்கும் வருவது. இங்கே கட்டிலில் கிடந்தது எலும்பும் தோலுமாக ஒரு பிள்ளை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். அலுப்பில்லாமல் பதில் சொன்னார்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க மேடம்," என்றார் பாவா. "இனிப்பு கூட நெறைய துன்னாது. எப்படீங்க வந்துது?"

"இனிப்பு சாப்பிட்டு வர்ற நோய் இல்லங்க இது. உடம்புக்குள்ள காவல் இருக்கிற அணுக்களே, இன்சுலின் சுரக்கிற இடத்தை எதிரின்னு நெனச்சு அழிச்சிடுது. இனிமே அது சுரக்காது. அதனாலதான் ஊசி. வாழ்நாள் முழுக்க."

"அதுங்க ஏன் அழிக்குதுங்க?"

"சரியா தெரியலங்க. பிறவியிலயே ஒரு வாகு இருக்கும். அதுக்கு மேல ஏதோ ஒண்ணு தூண்டி விடுது. வைரஸ் காய்ச்சலா இருக்கலாம். கைக்குழந்தையில குடுக்கிற பசும்பாலா, கோதுமையா, விட்டமின் டி குறைவான்னு சாப்பாட்டுப் பக்கமும் தேடிட்டுதான் இருக்காங்க. எதுவும் உறுதியாகல. நீங்க எதைக் குடுத்திருந்தாலும், குடுக்காம இருந்திருந்தாலும், இதைத் தடுத்திருக்கலாம்னு என்னால சொல்ல முடியாது." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா."

நான் ஊர் ஊராகச் சுற்றியவன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரிய மனிதர்கள் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் தெரியாது என்கிற பதிலை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தூங்க முடியாது. அவர்களுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும்.

மின்சார ரயிலில் திரும்பி வந்தோம். இன்சுலின் மருந்தை ஈரத்துணி சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, அக்கா மடியில் பிடித்திருந்தாள். மணவூரில் சிக்னலுக்காக வண்டி நின்றது. பாவா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"பசும்பாலுன்னு சொன்னாங்க இல்ல?"

டாக்டரம்மா அவ்வளவு பேசியதில் அவர் காதில் தங்கியது அந்த ஒரு சொல்தான்.

யார் வீட்டுப் பசு

அவர்கள் வீடு பொதட்டூர்பேட்டையில். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் அக்காவைத் தறிக்கு இறக்கிவிட்டார்கள். பால் வற்றிவிட்டது. தினமும் காலையில் தண்ணீர் கலந்த பசும்பாலைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தது அம்சாக்கா. கறந்தது அவள் வீட்டுப் பசுவில்.

அதே அம்சாக்காதான் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். முதலில் என் சர்க்கரைத் தண்ணீர்.

"பொறந்த ஒடனே சக்கரைய தொட்டு வச்சான் இவன். அன்னிக்கே ஒட்டிகிச்சி."

அடுத்தது பால். "பெத்தவ பால் குடுத்திருந்தா இது வருமா? டாக்டரே சொல்லிகீறாங்களாம்."

அக்கா தறிக்குப் பக்கத்தில் நூல் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான்தான் கேட்டுவிட்டேன்.

"பால் உன் வூட்டு பசுவோடதுதானேக்கா?"

அம்சாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் பசு பால இந்தத் தெருவே குடிச்சிருக்குது. எவனுக்கு வந்துது? உங்கக்கா வவுத்துல பொறந்ததுக்கு வந்துது."

அவள் சொன்னதில் முதல் பாதி நல்ல வாதம். தெருவே குடித்து ஒருவருக்கும் வரவில்லை என்றால் பால் காரணமில்லை என்றுதான் அர்த்தம். அந்த வாதத்தால் பசு தப்பித்தது. அக்கா தப்பிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தட்டு வைப்பது நின்றுபோனது. எனக்கு அது புதிதில்லை. எத்தனையோ வாசலில் சாப்பிட்டவன், எத்தனையோ வாசலில் சாப்பிடாமல் திரும்பியவன்.

நர்சிங்கின் வெல்லம்

இடையில் ஒரு ஆளைச் சொல்லியாக வேண்டும். சோலாப்பூரில் எனக்குப் பக்கத்துத் தறி நர்சிங் என்ற தெலுங்குக்காரனுடையது. மெலிந்த ஆள். சாப்பாட்டு மணி அடித்ததும் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி குத்திக்கொள்வான். சட்டைப் பையில் எப்போதும் காகிதத்தில் மடித்த வெல்லம் இருக்கும்.

ஒரு நாள் தறி முன்னால் அவன் உளறத் தொடங்கினான். கை நடுங்கியது, சட்டை முழுக்க வியர்வை. என்னிடம் பையைக் காட்டினான். வெல்லத்தை எடுத்து வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அறுந்த இழையை அவனே முடிந்தான். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சர்க்கரை இறங்கிவிடும், அப்போது இனிப்புத்தான் மருந்து, இல்லையென்றால் ஆள் போய்விடுவான் என்று அன்றைக்குத்தான் சொன்னான்.

முதலாளி ஒரு நாள் ஊசியைப் பார்த்துவிட்டு, போதை ஆசாமி என்று அவனை நிறுத்திவிட்டான். நர்சிங் விளக்கம் எதுவும் சொல்லாமல் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பல ஊரில் பல தடவை சொல்லிப் பார்த்து அலுத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

பாகற்காய்ச் சாறு

எதைத் தின்று வந்ததோ அதை விட்டால் போய்விடும் என்று அம்சாக்கா முடிவு செய்தாள். அரிசியை நிறுத்தினாள். பழத்தை நிறுத்தினாள். காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. லாவண்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். குடித்து முடித்ததும் அவள் முகம் ஒரு நொடி கிழவி மாதிரி ஆகும்.

ஊசியும் போய்க்கொண்டிருந்தது. சில வாரத்தில், விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை குறைவாகவே காட்டியது. ஊசி மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வந்தது. இப்படி நடக்கும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஊசி போட ஆரம்பித்ததும், அழியாமல் மிச்சம் இருப்பது கொஞ்ச காலம் தலை தூக்கிச் சுரக்கும், இதற்குத் தேனிலவு என்று பெயர், ஏமாந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள் என்றார். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ.

வீட்டில் அதைப் பாகற்காயின் வெற்றி என்றார்கள். தெருவில் நாலு பேர் வந்து செய்முறை கேட்டுப் போனார்கள்.

"பாத்தியா நைனா," என்று அம்சாக்கா தம்பியிடம் சொன்னாள். "சாப்பாட்டுல வந்தது சாப்பாட்டுலயே போவுது. இனிமே எதுக்கு கொழந்தய குத்திகினு?"

"ஊசிய நிறுத்தக் கூடாது அண்ணி. டாக்டரம்மா அவ்ளோ சொல்லிகீறாங்க," என்றாள் அக்கா.

"நீ குடுத்து வந்த நோவு. நாங்க எடுக்கறோம். வாய மூடினு இரு."

பாவா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மருந்து இருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம், அதாவது அவருடைய அக்காவிடம், கொடுத்தார். "கொஞ்ச நாள் பாப்போம் பத்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மகளைக் குத்தும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். ஊசி தேவையில்லை என்று யார் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார்.

ஊசி நின்ற கொஞ்ச நாளில் லாவண்யா வாந்தி எடுக்கத் தொடங்கினாள். பாகற்காய் விஷத்தை வெளியே எடுக்கிறது என்றார்கள். பக்கத்து அறையில் படுக்க வைத்துவிட்டுத் தறியை ஓட்டினார்கள். விசைத்தறி ஓடுகிற வீட்டில் கத்தினால்கூடக் கேட்காது.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. தறிகள் நின்றன. அந்த அமைதியில்தான் அக்காவுக்கு மகள் மூச்சு விடுவது கேட்டது. ஓடி வந்தவள் இரைப்பது போல, ஆழமாக, விடாமல். பக்கத்தில் போனால் வாயிலிருந்து அழுகிய பழத்தின் வாடை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். வழியில் எனக்குப் போன் போட்டிருந்தாள்; திருத்தணி ஆஸ்பத்திரியில் அவள் இறங்கும்போது நான் அங்கே நின்றேன். முதல் ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளை இல்லை என்று அங்கே சொன்னார்கள். அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் சாப்பாடு இறங்காது.

பிழைத்ததும் அக்கா பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று அங்கே பேச்சு.

மறுபடியும் மலைமேல்

அன்று காலை லாவண்யாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மலைக்குப் போன கையோடு இட்லி சாப்பிடலாம் என்று ஏற்பாடு. ஆனால் மொட்டை முடிகிற வரைக்கும் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று அம்சாக்கா சொல்லிவிட்டாள். சவரம் செய்கிறவர்களிடம் வரிசை நீண்டது. குளுக்கோஸ் பொட்டலமும் இட்லியும் இருந்த பை வேனில். வேனை நிறுத்த இடமில்லாமல் டிரைவர் எங்கேயோ கொண்டுபோய்விட்டான். அவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

அம்சாக்கா பேரனைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். கொழுகொழு என்று நல்ல குழந்தை. "ஒரு சொட்டு சக்கர தண்ணி படல. ஒரு பாலாடை பசும்பால் படல. பாருங்க, கல்லு மாதிரி கீறான்," என்றாள். சொல்லும்போது அக்கா பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அக்கா பச்சைப் புடவையில் ஓரமாக நின்றாள். அந்தக் குழந்தை ஆரோக்கியமாக இருப்பதுதான் அவள்மீது இருந்த பெரிய குற்றச்சாட்டு. அதற்காகக் குழந்தை நன்றாக இருக்கக் கூடாது என்றா நினைக்க முடியும்.

பாவா அக்காவிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சாப்பாடு ஆனதும் பேசிடறேன். அக்காகிட்ட மட்டும் எதிர்த்துப் பேசாத."

"ஆங்," என்றாள் அக்கா.

பேரனை உள்ளே கொண்டுபோன பிறகு, அம்சாக்கா கையிலிருந்த பூஜைத் தட்டிலிருந்து லாவண்யா ஒரு பிடி கற்கண்டை அள்ளினாள். அடி விழுந்தது.

நான் லாவண்யாவின் முகத்தைப் பார்த்தேன். நர்சிங்கின் முகம். அக்காவும் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, அதுக்கு சக்கர எறங்கிடுச்சி. கொஞ்சம் கல்கண்டு குடுங்க."

அம்சாக்கா தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். "சாமிக்கு வச்சது. இத்த துன்னுட்டு இங்கியே உழுந்தா யாரு பதில் சொல்றது?"

"பாவா, தட்ட வாங்குங்க," என்றேன்.

பாவா தட்டைப் பார்த்தார். தன் அக்காவைப் பார்த்தார். சுற்றி நின்ற சொந்தங்களைப் பார்த்தார். லாவண்யாவின் கால் மடங்கியது. விழுவதற்குள் பிடித்துத் தரையில் உட்கார வைத்தேன்.

அக்கா முட்டி போட்டாள். தண்ணீரும் முடியும் கிடந்த தரையில் கற்கண்டைத் தேடிப் பொறுக்கினாள். பச்சைப் புடவையில் துடைத்தாள்.

"பத்மா, வேணாம்," என்றார் பாவா. குரல் கெஞ்சியது. "எல்லாரும் பாக்கறாங்க. இப்ப வேணாம்."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழி அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. குனிந்து மகள் வாயில் கற்கண்டை வைத்தாள்.

"மெல்லுடி. மென்னு முழுங்கு."

இன்னொன்று வைத்தாள். இன்னொன்று. பின்னால் ஒரு கிழவர், "பெத்தவளே ஊட்டறாளே," என்றார். அம்சாக்கா தட்டை இறக்கினாள். அவள் பேச வேண்டியதை எல்லாம் அக்கா தன் கையாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. லாவண்யாவின் பார்வை திரும்பி வந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு மொட்ட அடிச்சாச்சாம்மா?" என்று கேட்டாள்.

"அடிச்சாச்சி," என்றாள் அக்கா.

வேன் வந்து சேர்ந்தபோது டிரைவர் எங்கள் பையை மட்டும் இறக்கி வைத்தான். பாவா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் மரத்தடியில் இட்லியைப் பிரித்தோம். ஆறிப்போயிருந்தது. லாவண்யா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பிறகு படி வழியாக இறங்கினோம். அவள்தான் முன்னால் குதித்துக்கொண்டு போனாள்.

அன்று யாரோ அதைச் செல்போனில் பிடித்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வந்தது. பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி, ஈரத் தரையில் கற்கண்டு பொறுக்கி, சர்க்கரை நோய்க்கார மகள் வாயில் திணிக்கிறாள். அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லாவண்யா எழுந்து நடந்தது அதில் இல்லை.